சட்டம் தேடிய வாரிசு

இங்கிலாந்து முடியுரிமை வரலாறு – அத்தியாயம் 19

1700ஆம் ஆண்டு ஜூலை 24. விண்ட்சர் கோட்டையில் பிறந்தநாள் விருந்து. குளோஸ்டர் கோமகன் வில்லியத்துக்கு அன்று 11 வயது நிறைந்தது. விருந்து முடிந்த இரவே பையன் உடம்பு முடியவில்லை என்றான். மறுநாள் காய்ச்சல், தொண்டை வலி, தலைவலி. பெரியம்மையோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். ஆனால் முத்து ஒன்றும் போடவில்லை. அந்தக் காலத்து வைத்திய வழக்கப்படி இரத்தத்தை வடித்தார்கள். பையன் மேலும் சோர்ந்தான். தாய் இளவரசி ஆன் படுக்கையை விட்டு நகரவில்லை. ஜூலை 30 விடியுமுன் மூச்சு நின்றது.

மன்னர் மூன்றாம் வில்லியம் அப்போது ஹாலந்தில் இருந்தார். அவருக்குச் செய்தி போயிற்று. பாரிஸுக்குப் பக்கத்தில் செயின்ட் ஜெர்மேன் அரண்மனையில் நாடிழந்து வாழ்ந்த இரண்டாம் ஜேம்ஸுக்கும் அது எட்டியது. இறந்தவன் அவருக்கு மகள் வயிற்றுப் பேரன். தாத்தா அந்தப் பேரன் முகத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

பதினொரு வயதுப் பையன் ஒருவனின் சாவுக்கு இந்தத் தொடரில் ஓர் அத்தியாயம் எதற்கு என்று கேட்கலாம். இங்கிலாந்து அரியணைக்குச் சட்டம் குறித்து வைத்திருந்த வரிசையில் கடைசிப் பெயர் அவனுடையது. மன்னர் வில்லியம் மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லாதவர், மறுமணம் செய்யாதவர். அவருக்குப் பின் மைத்துனி ஆன். ஆனுக்குப் பின் இந்தப் பையன். அவனுக்குப் பின் ஏடு வெறுமையாக இருந்தது.

சென்ற அத்தியாயத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1688 டிசம்பரில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் ராஜமுத்திரையைத் தேம்ஸ் நதியில் எறிந்துவிட்டு ஓடினார். அவரை ஓட வைத்தவர் சொந்த மருமகன். இரட்டை உறவுள்ள மருமகன். ஹாலந்தின் ஆரஞ்சு இளவரசர் வில்லியம், ஜேம்ஸின் அக்காள் மகன். ஜேம்ஸின் மூத்த மகள் மேரி அவரை மணந்திருந்தார். நம் ஊரில் அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள் என்பார்களே, அப்படி. 1689 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் முடியை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தன. மேரியின் தங்கை ஆன் ஒரு விட்டுக்கொடுப்புச் செய்தார். மேரி முதலில் இறந்தாலும் வில்லியம் ஆயுள் முழுக்க ஆளட்டும், தன் முறை அதற்குப் பிறகு வரட்டும் என்றார். 1694 டிசம்பர் 28 அன்று மேரி பெரியம்மையில் இறந்தார், வயது 32. ஆன் பொறுத்திருந்தார்.

1689ஆம் ஆண்டு ஏற்பாட்டின் அடியில் ஒரு பொய் கிடந்தது. அதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஜேம்ஸுக்கு மகன் ஒருவன் இருந்தான். 1688 ஜூன் 10 அன்று செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில், இரண்டாம் மனைவி மொடேனா மேரிக்குப் பிறந்தவன். பெயர் ஜேம்ஸ் பிரான்சிஸ் எட்வர்ட். ஆண் பிள்ளை பிறந்துவிட்டால் அக்காள்கள் இருவரும் பின்னே தள்ளப்படுவார்கள். கத்தோலிக்கப் பரம்பரை நிலைத்துவிடும். அந்த அச்சத்தில் ஒரு கதை கிளம்பியது. ராணிக்குப் பிள்ளையே பிறக்கவில்லை, படுக்கையைச் சூடாக்கும் கணப்புச் சட்டிக்குள் வைத்து வேறு யாருடைய குழந்தையையோ உள்ளே கடத்திவிட்டார்கள் என்றது அந்தக் கதை. பிரசவத்தைக் கண்டவர்கள் அறை நிறைய இருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜேம்ஸ் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிச் சாட்சி சொல்ல வைத்தார். ஒரு ராணி, தன் பிள்ளை தன் வயிற்றில்தான் பிறந்தது என்பதற்குச் சபையில் சாட்சி வைக்க நேர்ந்தது எத்தனை பெரிய அவமானம்! ஊர் நம்பவில்லை, நம்ப விரும்பவில்லை என்பதே சரி.

ஆனும் நம்பவில்லை. பிரசவ நேரத்தில் அவர் பாத் நகரில் வெந்நீர் ஊற்றுச் சிகிச்சைக்குப் போயிருந்தார். தன் கண்ணால் காணாததையே காரணமாக வைத்து, ஹாலந்திலிருந்த அக்காளுக்குச் சந்தேகக் கடிதங்கள் எழுதினார். தம்பியைத் தம்பியில்லை என்று சொன்ன அந்தக் கை, பின்னர் எத்தனை தொட்டில்களைப் பிடித்து நின்றது என்று பாருங்கள்.

1683இல் ஆன் டென்மார்க் இளவரசர் ஜார்ஜை மணந்தார். நல்ல மனிதர், அரசியலில் ஆசை இல்லாதவர். மனைவி மேல் உயிராக இருந்தார். (தரங்கம்பாடிக்குச் சீகன்பால்குவை அனுப்பிய நான்காம் ஃபிரெடரிக் மன்னருக்கு இவர் சித்தப்பா. இவருடைய மாளிகைத் தேவாலயத்தில் குருவாக இருந்த போமே என்ற ஜெர்மானியர்தான் தரங்கம்பாடிக் கடிதங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டு, லண்டனில் உதவி திரட்டியவர். அப்படி வந்த அச்சு இயந்திரத்தில்தான் 1714–15இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது.) 1684 முதல் 1700 வரை ஆன் 17 முறை கருவுற்றார். உயிரோடு பிறந்தவை ஐந்து. மற்றவை கருவிலேயே கலைந்தன, அல்லது இறந்தே பிறந்தன. ஐந்தில் ஒரு பெண் குழந்தை இரண்டு மணி நேரம் இருந்தது. ஓர் ஆண் குழந்தை சில நிமிடங்கள் இருந்தது.

1687 தொடக்கத்தில் ஆன் அனுபவித்ததை எழுதவே கை தயங்குகிறது. ஜனவரியில் ஒரு கரு கலைந்தது. எழுந்து உட்காருமுன் வீட்டுக்குள் பெரியம்மை புகுந்தது. கணவர் படுத்தார், இரு பெண் குழந்தைகளும் படுத்தார்கள். பிப்ரவரி 2 அன்று இளையவள் ஆன் சோஃபியா போனாள்; ஒரு வயது நிரம்பவில்லை. பிப்ரவரி 8 அன்று மூத்தவள் மேரி போனாள். இரண்டு வயது நிரம்பவில்லை. கணவர் மட்டும் பிழைத்தார். அப்போது ஆனுக்கு வயது 22.

அதனால்தான் 1689 ஜூலை 24 அன்று ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் ஓர் ஆண் குழந்தை பிறந்து தங்கியபோது நாடே மூச்சு விட்டது. மன்னரின் பெயரையே வைத்தார்கள். ஜேம்ஸை விரட்டிய புரட்சி நடந்து எட்டு மாதத்துக்குள் பிறந்த புராட்டஸ்டன்ட் ஆண் வாரிசு. கடவுளே தம் பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டார் என்று புரட்சிக்காரர்கள் மகிழ்ந்தார்கள்.

பிள்ளை திடமாக இல்லை. தலை உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. மூளையில் நீர் கோத்திருந்தது என்பது இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது உறுதியானது. நடக்கும்போது தள்ளாடினான். படி ஏற இறங்க யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. லண்டன் புகையிலிருந்து தள்ளி, கென்சிங்டனில் காம்ப்டன் மாளிகை என்ற வீட்டில் வைத்து வளர்த்தார்கள். அங்கே அவனுக்கு ஒரு படை இருந்தது. அக்கம்பக்கத்துப் பையன்களைச் சேர்த்து, காகிதத் தொப்பியும் மரவாளும் கொடுத்து அணிவகுக்க வைப்பான். மன்னர் வில்லியம் பெரியப்பா முறை. யாரிடமும் எளிதில் சிரிக்காத அந்த மனிதர் வந்து இந்தப் படையைப் பார்வையிடுவார். ஒன்பது வயதில் மார்ல்பரோ பிரபுவை அவனுக்குப் பாதுகாவலராகவும், பிஷப் பர்னெட்டை ஆசிரியராகவும் நியமித்தார்கள். லத்தீன், வரலாறு, பூகோளம் என்று அந்தப் பிஞ்சுத் தலையில் ஒரு ராஜ்ஜியத்தையே ஏற்றினார்கள்.

வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், ஏழாம் ஹென்றியின் சிற்றாலயத்துக்கு அடியில், தனக்கு முன்னே போன உடன்பிறப்புகள் கிடந்த நிலவறையிலேயே அவனையும் வைத்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஆன் கடைசி முறையாக ஓர் இறந்த குழந்தையைப் பெற்றிருந்தார். அதற்குப் பின் அவர் கருவுறவில்லை.

இனி யார்? ஐரோப்பிய அரச குடும்பங்களின் கொடிவழி தெரிந்தவர்கள் விரலை மடக்கிப் பெயர் எண்ணினார்கள். இரத்தம்தான் கணக்கு என்றால் விடை எளிது. செயின்ட் ஜெர்மேனில் இருந்த பன்னிரண்டு வயது ஜேம்ஸ் பிரான்சிஸ். அவனுக்குப் பின் அங்கேயே 1692இல் பிறந்த தங்கை லூயிசா. அவளுக்குப் பின் முதலாம் சார்லஸின் மகள் வயிற்றுப் பேத்தி, இத்தாலியில் சவாய் கோமகனை மணந்திருந்த ஆன் மேரி. அவருக்குப் பின் பிரெஞ்சு மன்னரின் தம்பியை மணந்திருந்த லீஸலோட்டே. இவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர்கள். 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் கத்தோலிக்கரையும், கத்தோலிக்கரை மணந்தவரையும் அரியணைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. இந்த லீஸலோட்டேயின் கதையை நினைத்தால் வியப்பாக இருக்கும். புராட்டஸ்டன்டாகப் பிறந்தவர். பிரெஞ்சு அரச குடும்பத்தில் வாழ்க்கைப்படுவதற்காக 1671இல் மதம் மாறினார். அந்த ஒரு நாள் சடங்கு அவர் கையிலிருந்து இங்கிலாந்தையே பறித்துவிட்டது.

இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தாண்டிப் போனபிறகு ஒரு புராட்டஸ்டன்ட் கிடைத்தார். ஜெர்மானிய நாடான ஹானோவரின் சோஃபியா. 1630இல் தி ஹேக் நகரில் பிறந்தவர். முதலாம் ஜேம்ஸ் மன்னரின் மகள் எலிசபெத், பலாத்தினேட் ஆட்சியாளர் ஐந்தாம் ஃபிரெடரிக்கை மணந்து பெற்ற பதின்மூன்று பிள்ளைகளில் பன்னிரண்டாவது பிள்ளை. அப்பா ஒரே ஒரு குளிர்காலம் பொஹீமியாவின் மன்னராக இருந்து, 1620இல் வெள்ளைமலைப் போரில் எல்லாவற்றையும் தோற்றவர். சோஃபியா பிறந்ததே அகதிக் குடும்பத்தில். சாப்பாட்டுக்கு நகை விற்ற வீட்டுப் பெண்ணுக்கு இப்போது வயது எழுபதைத் தொட்டிருந்தது. நல்ல படிப்பாளி, தத்துவ மேதை லைப்னிட்ஸ் அவருடைய நண்பர். ஹெரன்ஹாவுசன் தோட்டத்தில் நாள்தோறும் வெகுதூரம் நடப்பார். கத்தோலிக்கர் ஆகியிருந்த லீஸலோட்டே அவருக்கு அண்ணன் மகள். சிறுவயதில் அவர் மடியில் வளர்ந்தவர். அத்தையும் மருமகளும் ஆயுள் முழுக்கக் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

1701 பிப்ரவரியில் நாடாளுமன்றம் கூடியது. வாரிசு விஷயத்தை முடிவு செய்யுங்கள் என்று மன்னர் கேட்டுக்கொண்டார். அந்தக் காமன்ஸ் சபையில் டோரிகள் கை ஓங்கியிருந்தது. சபாநாயகர் ராபர்ட் ஹார்லி. அரசுரிமை கடவுள் கொடுத்தது, மனிதர் கைவைக்கக் கூடாது என்று வாதாடி வந்த கட்சி அது. அவர்கள் கையாலேயே 1701 ஜூன் 12 அன்று அரச ஒப்புதல் பெற்ற சட்டம் எழுதப்பட்டது. அதுதான் முடியுரிமைத் தீர்வுச் சட்டம். ஆனுக்கும் வில்லியத்துக்கும் பிள்ளைகள் இல்லாமற்போனால், முடி சோஃபியாவுக்கும் அவர் வயிற்றில் பிறந்த புராட்டஸ்டன்ட் வாரிசுகளுக்கும் போகும்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். இந்தத் தொடரில் இதுவரை எத்தனை தாயாதிச் சண்டைகளைப் பார்த்துவிட்டோம்! ஸ்டீபனும் மட்டில்டாவும், யார்க்கும் லங்காஸ்டரும், ஒன்பது நாள் ராணி ஜேனும் மேரி டியூடரும். எல்லாரும் வாளை எடுத்தார்கள். ஆனால் எல்லாரும் சொன்ன நியாயம் இரத்த உறவுதான். எட்டாம் ஹென்றி நாடாளுமன்றச் சட்டத்தால் வாரிசு வரிசையை மாற்றியிருக்கிறார் என்பது உண்மை. ஆனால் அவர் தம் சொந்தப் பிள்ளைகளைத்தான் முன்னும் பின்னும் நகர்த்தினார். 1701இல் நடந்தது வேறு. உயிரோடு இருந்த ஐம்பது பேரை விலக்கிவிட்டு, இங்கிலாந்தில் கால் வைத்தே இராத ஒரு கிழவியை ஒரு சபை தேர்ந்தெடுத்தது. இனி மன்னர் என்பவர் சட்டம் உண்டாக்கும் பதவி. அதைத் தெளிவாகச் சொல்ல அந்தச் சபையில் யாருக்கும் துணிவில்லை. அதனால்தான் சோஃபியா முதலாம் ஜேம்ஸின் பேத்தி என்று சட்டத்திலேயே விரிவாக எழுதி வைத்தார்கள்.

சட்டத்தின் மீதிப் பிரிவுகளைப் படித்தால் அயல்நாட்டு மன்னரோடு பன்னிரண்டு ஆண்டு குடும்பம் நடத்திய களைப்பு தெரியும். மன்னர் இங்கிலாந்துத் திருச்சபையில் நற்கருணை பெற வேண்டும். இங்கிலாந்துக்குச் சொந்தமில்லாத நிலங்களுக்காக நாடாளுமன்றச் சம்மதமின்றிப் போருக்குப் போகக் கூடாது. சம்மதமின்றி நாட்டை விட்டு வெளியேறவும் கூடாது. வில்லியம் ஆண்டுதோறும் ஹாலந்துக்குப் போய்வந்ததற்கு விழுந்த பூட்டு இது, 1716இல் கழற்றிவிட்டார்கள். கழற்றாமல் நின்ற பிரிவு நீதிபதிகளைப் பற்றியது. மன்னர் நினைத்த நேரம் நீதிபதியைத் தூக்கியெறிய முடியாது. நன்னடத்தை உள்ளவரை பதவி. விலக்க வேண்டுமானால் இரு சபைகளும் சேர்ந்து கோர வேண்டும். இந்திய அரசியலமைப்பின் 124ஆம் பிரிவில் உச்ச நீதிமன்ற நீதிபதியை விலக்கும் முறை எப்படி இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். விண்ட்சரில் செத்துப்போன பையனுக்கும் அந்தப் பிரிவுக்கும் உறவு உண்டு.

அந்த ஆகஸ்டில் மாக்ள்ஸ்ஃபீல்டு பிரபு சட்டத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு ஹானோவர் போனார். சவாய் அரண்மனையிலிருந்து எதிர்ப்புக் குரல் வந்தது, யாரும் செவிசாய்க்கவில்லை. செப்டம்பரில் இரண்டாம் ஜேம்ஸ் செயின்ட் ஜெர்மேனில் இறந்தார். பதினான்காம் லூயி மன்னர் உடனே அவருடைய மகன் ஜேம்ஸ் பிரான்சிஸை இங்கிலாந்தின் மூன்றாம் ஜேம்ஸ் என்று அறிவித்தார். ஒரே வேளையில் ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கு இரண்டு மன்னர்கள்.

1702 பிப்ரவரியில் ஹாம்ப்டன் கோர்ட் பூங்காவில் வில்லியத்தின் குதிரை இடறியது. அகழெலி தோண்டிய மண்மேட்டில் கால் சிக்கியது என்பார்கள். காறை எலும்பு முறிந்தது. நுரையீரல் காய்ச்சல் தொடர்ந்தது. மார்ச் 8 அன்று இறந்தார். 37 வயதில் ஆன் ராணியானார். ஏப்ரல் 23 முடிசூட்டுக்கு அவரால் நடந்து வர முடியவில்லை. கவுட் என்னும் மூட்டு நோய் கால்களைப் பிடித்திருந்தது. நாற்காலிப் பல்லக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

ஆனின் ஆட்சியில் மார்ல்பரோவின் போர் வெற்றிகள் பெரிய கதை. அதற்கு இங்கே இடமில்லை. வாரிசுக் கதைக்கு வேண்டியது ஸ்காட்லாந்து மட்டும். 1701ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது இங்கிலாந்து நாடாளுமன்றம். ஸ்காட்லாந்து தனி ராஜ்ஜியம். எங்களைக் கேட்காமல் எங்களுக்கு மன்னரா என்று எடின்பரோ சபை சீறியது. ஆனுக்குப் பின் எங்கள் மன்னரை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்று சட்டம் செய்தது. ஸ்காட்லாந்துக்காரரை அந்நியராக நடத்துவோம், உங்கள் மாடும் துணியும் நிலக்கரியும் எங்கள் சந்தைக்கு வராது என்று லண்டன் மிரட்டியது. மிரட்டலும் பணமும் பேச்சும் கலந்து 1707 மே 1 அன்று இரண்டு ராஜ்ஜியமும் ஒன்றாயின. ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு ஹானோவர் வாரிசுரிமை. ஒரு நாட்டின் தனி நாடாளுமன்றமே அந்த ஏற்பாட்டுக்காகக் கரைந்தது.

1708 அக்டோபரில் கணவர் ஜார்ஜ் இறந்தார். ஆன் தனியானார். அதன் பிறகு அவருக்கு ஒரு வெறுப்பு வளர்ந்தது. ஹானோவர்காரர் ஒருவர்கூடத் தம் கண்ணில் படக் கூடாது. தாம் உயிரோடு இருக்கும்வரை வாரிசு இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது. வாரிசு பக்கத்தில் நின்றால் அது என் சவப்பெட்டியைக் கண் முன்னால் வைப்பதுபோல் என்ற பொருளில் அவர் சொல்லி வந்தார். பதினேழு முறை சவப்பெட்டியின் வாசல்வரை போய்வந்த ஒருத்தியின் மனம் அது. அரசியல் என்று மட்டும் இதைப் படிப்பவர்கள் ஆனைப் புரிந்துகொள்ளவில்லை என்பேன்.

1714 வசந்தத்தில் மோதல் வந்தது. சோஃபியாவின் பேரனுக்கு ஆனே கேம்பிரிட்ஜ் கோமகன் பட்டம் கொடுத்திருந்தார். அந்தப் பட்டத்தின்படி பிரபுக்கள் சபையில் உட்கார அவருக்கு அழைப்பாணை வேண்டும் என்று ஹானோவர் தூதர் கேட்டார். ஆன் கொதித்தார். மே 19 தேதியிட்டு ஹானோவருக்குக் கடுமையான கடிதங்கள் போயின. கடிதங்கள் சேர்ந்த சில நாளில், மே 28 மாலை, சோஃபியா வழக்கம்போல ஹெரன்ஹாவுசன் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தார். மழை பிடித்தது. ஒதுங்க விரைந்தவர் அப்படியே சரிந்தார். துணைக்கு வந்தவர்களின் கையிலேயே உயிர் போயிற்று. வயது 83. (இங்கிலாந்து அப்போது பழைய நாள்காட்டியில் இருந்தது, ஐரோப்பாவைவிட 11 நாள் பின்தங்கிய கணக்கு. ஹானோவரில் அன்று ஜூன் 8. இந்த அத்தியாயத்தில் இங்கிலாந்துத் தேதிகளையே தருகிறேன்.) இன்னும் அறுபத்தைந்து நாள் இருந்திருந்தால் அந்தக் கிழவி பிரிட்டனின் ராணி. உரிமை மகன் ஜார்ஜுக்குப் போயிற்று.

இதே ஆண்டுத் தொடக்கத்தில் இன்னொரு கடிதப் போக்குவரத்தும் நடந்தது. ஆனின் அமைச்சர்கள், அதே ஹார்லியும் அவருடைய போட்டியாளர் போலிங்புரோக்கும், நாடு கடந்து வாழ்ந்த ஜேம்ஸ் பிரான்சிஸுக்கு இரகசியமாக எழுதினார்கள். கத்தோலிக்க மதத்தை விட்டுவிடுங்கள், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இருபத்தைந்து வயது இளைஞர். ஒரு வார்த்தை சொன்னால் மூன்று ராஜ்ஜியம். முடியாது என்று எழுதினார். அவருடைய பாட்டியின் அப்பா மதத்தை ஆட்சிக்கு ஏற்ப வளைக்கத் தெரிந்தவர். பெரியப்பா இரண்டாம் சார்லஸ் சாகும் படுக்கை வரை தம் நம்பிக்கையை மறைத்து வைத்தவர். இந்த இளைஞர் மறைக்கவும் இல்லை, வளையவும் இல்லை. அவர் வந்திருந்தால் நாட்டுக்கு நன்மை விளைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கணப்புச் சட்டிக் கதையால் பிறப்பிலேயே களங்கப்படுத்தப்பட்ட அந்த மனிதர், இந்த வாரிசுக் கதையில் வரும் எல்லாரிலும் நேர்மையானவர்.

ஜூலை 27 அன்று ஆன் ஹார்லியைப் பதவியிலிருந்து நீக்கினார். சபைக் கூட்டம் நள்ளிரவு தாண்டியும் சண்டையாக நீண்டது. அதன் பிறகு ராணி எழுந்திருக்கவில்லை. ஜூலை 30 அன்று, பேச்சு தடுமாறிய நிலையில், கருவூலத் தலைவரின் வெள்ளைக் கோலை ஷ்ரூஸ்பரி கோமகனின் கையில் கொடுத்தார். நாளைக் கவனியுங்கள்: மகன் செத்து அன்றோடு பதினான்கு ஆண்டு. 1688இல் வில்லியத்தை அழைத்துக் கடிதம் எழுதிய ஏழு பேரில் ஷ்ரூஸ்பரி ஒருவர். ஹானோவர் வாரிசுக்கு அவர் துணை நிற்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். துறைமுகங்களைக் காவலில் வைத்தார்கள். படைகளை லண்டனுக்கு வரவழைத்தார்கள்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு காலை, கென்சிங்டன் அரண்மனையில் ஆன் இறந்தார். வயது 49. உடல் நீர்கோத்து வீங்கியிருந்ததால் சவப்பெட்டி ஏறக்குறையச் சதுரமாகச் செய்ய வேண்டியிருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முத்திரையிட்ட மூன்று உறைகள் இருந்தன. ஒன்று கேன்டர்பரி பேராயரிடம், ஒன்று சான்சலரிடம், ஒன்று லண்டனிலிருந்த ஹானோவர் பிரதிநிதியிடம். புதிய மன்னர் வந்துசேரும்வரை நாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களின் பெயர்களை ஜார்ஜ் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார். உறைகளைப் பிரித்தார்கள், பெயர்களைப் படித்தார்கள், ஜார்ஜை மன்னர் என்று அறிவித்தார்கள். அன்று ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. எண்ணூறு ஆண்டு வாரிசுச் சண்டைகளைப் படித்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தால் அதன் அமைதி நம்மை உலுக்கும்.

ஜார்ஜுக்கு அவசரமில்லை. செப்டம்பர் 18 அன்றுதான் கிரீனிச்சில் வந்து இறங்கினார். 54 வயது. ஆங்கிலம் மிகக் குறைவு. அமைச்சர்களோடு பிரெஞ்சில் பேசினார். மனைவி உடன் வரவில்லை. அவரை 1694இல் விலக்கி, ஆல்டன் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார். அந்தப் பெண் 1726இல் அங்கேயே இறந்தார். அக்டோபர் 20 அன்று ஜார்ஜுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டினார்கள். இன்றைய மன்னர் மூன்றாம் சார்லஸ் வரை அந்த அரியணையில் உட்கார்ந்த அத்தனை பேரும் சோஃபியாவின் வழிவந்தவர்கள். 1701ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கத்தோலிக்கரை மணந்தால் உரிமை போகும் என்ற பிரிவை 2015இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் நீக்கியது. கத்தோலிக்கர் மன்னராக முடியாது என்ற பிரிவு அப்படியே நிற்கிறது.

ஒரு பழைய வழக்கத்தைப் பற்றிச் சொல்லி இந்த அத்தியாயத்தை நிறுத்துகிறேன். கழுத்தில் கட்டி கட்டியாக வரும் கண்டமாலை நோய், முடிசூடிய மன்னரின் கை பட்டால் குணமாகும் என்று இங்கிலாந்து மக்கள் நூற்றாண்டுகளாக நம்பினார்கள். மன்னர் நோயாளியைத் தொட்டு, கழுத்தில் ஒரு தங்கக் காசை மாட்டிவிடுவார். வில்லியம் அதைச் செய்ய மறுத்தார். ஆன் மீண்டும் தொடங்கினார். தன் பிள்ளைகளில் ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியாத அந்தக் கை, ஊரார் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் தொட்டது. 1712 மார்ச்சில் லிச்ஃபீல்டிலிருந்து ஒரு புத்தக வியாபாரியின் மனைவி தன் இரண்டரை வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் குழந்தை பின்னாளில் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன். நோய் குணமாகவில்லை. ஆனால் அவர் அந்தக் காசைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. வைரங்கள் அணிந்து, கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண்மணியை மங்கலாக நினைவிருக்கிறது என்று முதுமையிலும் சொல்வார்.

ஜார்ஜ் யாரையும் தொடவில்லை. அவருக்குப் பின் வந்த எவரும் தொடவில்லை. கடல் கடந்து, நாடில்லாத மன்னராக வாழ்ந்த ஜேம்ஸ் பிரான்சிஸ் மட்டும் தன்னைத் தேடி வந்த நோயாளிகளைத் தொட்டுக்கொண்டிருந்தார். 1715 டிசம்பரில் அவர் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் துறையில் வந்து இறங்கினார். அது அடுத்த அத்தியாயம்.

(தொடரும்)